பள்ளிக்கூடம் வாய் திறக்க வேண்டும்

மைசூரில் மேட்டகள்ளி, ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பொழுது விடிவதே அவசரத்தில்தான். முதல் ஷிப்டுக்குப் போகும் தகப்பன், பிள்ளைகள் கண் விழிக்கும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தாய்க்கு இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலை. இல்லையென்றால் வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டும் வேலை. ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர் வீட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மாலையில் திரும்பும்போது எல்லோரும் களைத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தை நின்று நிதானமாகப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருக்கிறது.

அந்த முகத்தை நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் வகுப்பு ஆசிரியை.

நேற்றுவரை முதல் வரிசையில் உட்கார்ந்து துள்ளிக்கொண்டிருந்த பெண், திடீரென்று கடைசி பெஞ்சுக்குப் போய் ஒடுங்குகிறாள். பள்ளி விட்டு மணி அடித்த பிறகும் ஒரு பையன் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்கிறான். இன்னொரு குழந்தை குறிப்பிட்ட ஒரு ஆளின் பெயரைக் கேட்டாலே விரலைக் கடித்துக்கொண்டு தலை குனிகிறது. இவையெல்லாம் குற்றத்துக்குச் சாட்சியம் ஆகிவிடா. காய்ச்சலாக இருக்கலாம், பரீட்சைப் பயமாக இருக்கலாம், வீட்டில் தாய் தகப்பன் சண்டையாகவும் இருக்கலாம். ஆனால் அருகில் அழைத்து, "என்னம்மா?" என்று கேட்பதற்கு இவை போதும். கேட்ட பிறகு, அந்தக் குழந்தை வாயிலிருந்து வரக்கூடாத ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஆசிரியை என்ன செய்ய வேண்டும்? பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்?

இதற்குப் பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் கிடைக்கும் பதில், "பொறுத்துப் பார்ப்போம்" என்பதுதான். சட்டம் சொல்லும் பதிலோ அதற்கு நேர்மாறானது.

சட்டம் சொல்வது என்ன?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ சட்டம், 2012ஆம் ஆண்டு நவம்பர் 14ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் அது காக்கிறது. அதன் 19வது பிரிவைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ, உள்ளூர்ப் போலீசுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சொல்லலாம் என்று அல்ல, சொல்ல வேண்டும் என்று.

சொல்லத் தவறினால் 21வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதே நேரத்தில், நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்றும் சட்டமே காப்புக் கொடுத்திருக்கிறது. தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தால்தான் ஆசிரியை சொல்லலாம் என்று எங்கும் எழுதப்படவில்லை. வகுப்பு ஆசிரியை சொல்லலாம். சத்துணவு சமைக்கும் அம்மாள் சொல்லலாம். வாசலில் நிற்கும் காவலாளியும் சொல்லலாம்.

சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியிருக்கிறது. பள்ளிகள், விடுதிகள், குழந்தை இல்லங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் இத்தகைய சம்பவத்தை அறிந்தால் தாமதமின்றிப் போலீசில் சொல்ல வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் தங்கியிருந்த மாணவிகள் சம்பந்தப்பட்ட வழக்கில், அவர்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் தகவல் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கில் 2022 நவம்பர் 2ந் தேதி தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று கூறியது.

மைசூருக்கு வந்த இரு மாணவிகள்

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதற்கு மைசூர் நகரமே ஒரு சாட்சி.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சித்ரதுர்காவில் உள்ள முருகா மடத்தின் விடுதியில் தங்கிப் படித்த இரு மாணவிகள் மைசூருக்கு வந்தார்கள். இந்நகரில் கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் மீட்டு ஆதரவு தரும் "ஒடநாடி" என்ற தொண்டு நிறுவனத்தில் தங்கள் குறையைச் சொன்னார்கள். விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போயிற்று. ஆகஸ்டு 26ந் தேதி நஜர்பாத் போலீஸ் நிலையத்தில் போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகிப் பிறகு சித்ரதுர்காவுக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் 1ந் தேதி மடத்தின் தலைவர் கைது செய்யப்பட்டார். கர்நாடகம் முழுவதும் பேசப்பட்ட வழக்கு அது. 2025 நவம்பரில் சித்ரதுர்கா கோர்ட்டு அந்த வழக்கிலிருந்து அவரை விடுதலை செய்தது.

கோர்ட்டின் தீர்ப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். குற்றம் நடந்ததா, இல்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் தீர்ப்பு எதுவாக இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பள்ளியில் படிக்கும் இரு பெண்கள் ஒரு குறையை வாய் திறந்து சொல்வதற்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, முன்பின் அறியாத ஒரு நகரத்துக்கு வர வேண்டியிருந்தது ஏன்? ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு விடுதியிலும், "இவரிடம் போய்ச் சொல்லலாம், இவர் கேட்பார்" என்று பிள்ளைகள் நம்பும் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் இந்தத் தூரம் தேவைப்படுமா?

"பார்த்தீர்களா, கடைசியில் விடுதலை ஆகிவிட்டதே! அப்படியானால் புகாரைக் கேட்டதே தவறுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். இது சரியான வாதம் அல்ல. தொழிற்சாலையில் புகை கண்ட காவலாளி மணி அடிக்கிறான். ஓடி வந்து பார்த்தவர்கள் தீ இல்லை என்று சொல்லலாம். அதற்காக மணி அடித்தவனை வேலையை விட்டு யாரும் நீக்குவதில்லை. புகை கண்டும் மணி அடிக்காமல் இருந்தவனைத்தான் கேள்வி கேட்பார்கள். பள்ளியின் கடமை மணி அடிப்பது. தீ எங்கே, யார் வைத்தது என்று ஆராய்வது போலீசின் வேலை. தண்டிப்பதும் விடுவிப்பதும் கோர்ட்டின் வேலை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல பள்ளிகள் தாங்களே விசாரணை நடத்தி, தாங்களே தீர்ப்பும் சொல்லி, விஷயத்தை அமுக்கிவிடுகின்றன.

"நல்ல பெயர்" என்னும் திரை

பள்ளிகள் வாய் மூடிக்கொள்வதற்குச் சொல்லும் முதல் காரணம், பள்ளியின் நல்ல பெயர். விஷயம் வெளியே தெரிந்தால் அடுத்த ஆண்டு சேர்க்கை குறையும், நன்கொடை குறையும், பத்திரிகையில் வரும். ஆகவே சம்பந்தப்பட்ட ஊழியரைக் கூப்பிட்டுக் கண்டித்து, ராஜினாமா வாங்கிக்கொண்டு, நற்சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர் அடுத்த தெருவில் இன்னொரு பள்ளியில் சேர்ந்துகொள்கிறார். தன் வீட்டில் பிடித்த பாம்பை அடுத்த வீட்டுக் கொல்லையில் விட்டுவிட்டு வந்த கதைதான் இது. குற்றச்சாட்டு பொய்யாக இருந்தால் அந்த ஊழியருக்கும் இதில் நியாயம் கிடைப்பதில்லை. தன்மீது விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வழியே இல்லாமல் போகிறது.

மறைத்து வைத்த பெயர் நிலைத்ததாகச் சரித்திரம் இல்லை. 2014 ஜூலையில் பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வயதுச் சிறுமிக்குக் கொடுமை இழைக்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, பெற்றோர் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தகவலை மறைத்ததாகப் பள்ளியின் தலைவரே கைதானார். அதே வழக்கில் முதலில் ஒருவரைப் பிடித்த போலீசார், பின்னர் வேறு இருவரைக் கைது செய்தார்கள். குற்றவாளி யார் என்று கூட்டமும் தீர்மானிக்கக்கூடாது, பள்ளி நிர்வாகமும் தீர்மானிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. 2021 மே மாதம் சென்னை கே.கே. நகரில் பெயர் பெற்ற ஒரு பள்ளியின் ஆசிரியர் கைதானது எப்படி? படித்து முடித்து வெளியேறிய முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பள்ளியில் படிக்கும் காலத்திலேயே அவர்களுடைய பேச்சைக் கேட்க ஒரு காது இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்காது.

தமிழ்க் குடும்பங்களின் தயக்கம்

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்கு வேறு சில அச்சங்களும் இருக்கின்றன. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சம். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகுமோ என்ற அச்சம். பெண்ணின் கல்யாணம் நின்றுபோகுமோ என்ற அச்சம். இவற்றோடு மொழி அச்சமும் சேர்ந்துகொள்கிறது. போலீஸ் நிலையத்தில் கன்னடத்தில் கேட்பார்கள், என்ன சொல்வது, எழுதிக்கொள்வதை எப்படிப் படித்துப் பார்ப்பது என்று கலங்குகிறார்கள்.

கடைசியில் பல வீடுகளில் எடுக்கும் முடிவு ஒன்றுதான். பள்ளியில் போய் டி.சி. வாங்கிக்கொண்டு குழந்தையைத் தர்மபுரிக்கோ, சேலத்துக்கோ, ஈரோட்டுக்கோ பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பள்ளியும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. இதனால் என்ன நடந்தது? குழந்தை படிப்பை இழந்தது, தாயைப் பிரிந்தது, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டது. தொல்லை கொடுத்தவனோ இருந்த இடத்திலேயே இருக்கிறான். அவன் கண்ணில் அடுத்த குழந்தை படுகிறது.

இந்த அச்சங்களில் பலவற்றுக்குச் சட்டத்திலேயே பரிகாரம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வார்தான் இல்லை. குழந்தைக்குப் புரியாத மொழியில் புகார் எழுதப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்று 19வது பிரிவே சொல்கிறது. தமிழ்க் குழந்தை தமிழிலேயே பேசலாம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வைத்துப் பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அவர் போலீஸ் உடுப்பில் இருக்கக்கூடாது. எந்தக் காரணம் கொண்டும் குழந்தையை இரவில் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பணம் கட்டினால்தான் வைத்தியம் என்றோ, போலீஸ் கடிதம் கொண்டுவா என்றோ சொல்லி எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக்கூடாது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளியின் பெயர், படம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீசார் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு கோர்ட்டுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இவையெல்லாம் காகிதத்தில் இருப்பது போல் எல்லா இடத்திலும் நடந்துவிடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் உரிமை இருக்கிறது என்று தெரிந்தவன் கேட்பான், தெரியாதவன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

மறுபக்கம்

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயமான கவலைகள் உண்டு. "அழும் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுக்கவே பயமாக இருக்கிறது, கோபத்தில் யாராவது பொய்ப் புகார் கொடுத்தால் எங்கள் கதி என்ன?" என்கிறார்கள். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு என்பதையும் அதே சட்டம் 22வது பிரிவில் சொல்லியிருக்கிறது. குழந்தை தவறாகச் சொல்லியிருந்தால் அதற்குத் தண்டனை கிடையாது. இரண்டுமே நியாயம்தான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது. "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன குழந்தையின் பேச்சைப் போலீசில் போய்ச் சொன்னால், நாளைக்கு எந்தக் குழந்தை வாய் திறக்கும்? இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். குழந்தையிடம் செய்ய முடியாத சத்தியத்தைச் செய்யாமல் இருக்கலாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்வதற்குப் பதில், "உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், நீ தனியாக இருக்க மாட்டாய்" என்று சொல்லலாம். சொன்னபடி கடைசிவரை கூடவே நிற்கவும் வேண்டும்.

இப்போது பள்ளிகளில் மூலைக்கு மூலை காமிரா மாட்டுகிறார்கள். மாட்டட்டும். ஆனால் காமிரா வீட்டுக்குள் பார்க்காது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள், அதாவது 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினார்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார், வேன் டிரைவர் என்று தெரிந்த முகமே பயமுறுத்தும்போது, வீட்டுக்கு வெளியே குழந்தைக்கு மிச்சம் இருக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். அங்கே காமிராவைவிடக் கேட்கும் காதுதான் அதிகம் தேவை.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய திட்டங்கள் வேண்டாம். சில எளிய ஏற்பாடுகள் போதும். ஒவ்வொரு பள்ளியிலும் குழந்தைகள் குறை சொல்வதற்கென்று ஒரு ஆசிரியையின் பெயரை அறிவிக்க வேண்டும். தமிழ்க் குழந்தைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளியில் அவர் தமிழ் அறிந்தவராக இருந்தால் மிகவும் நல்லது. குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். தேதியும் நேரமும் போட வேண்டும். ஆளுக்கு ஆள் கூப்பிட்டு, "திரும்பச் சொல், திரும்பச் சொல்" என்று குறுக்கு விசாரணை செய்யக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்திச் "சமரசம்" பேசக்கூடாது. அன்றைக்கே தகவல் போக வேண்டும். போலீஸ் நிலையத்துக்குப் போகத் தயங்குகிறவர்கள் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். அந்த எண்ணைப் பள்ளிச் சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

பள்ளியில் வேலை பார்க்கும் எல்லோரையும், ஆசிரியர் முதல் தோட்டக்காரர் வரை, போலீஸ் மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சரிபார்த்தார்களா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2001 முதல் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன. எஸ்.டி.எம்.சி. என்று சொல்லப்படும் அந்தக் குழுக்களில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை இடம். அரை நாள் கூலி போகுமே என்றும், கன்னடம் சரியாகப் பேச வராதே என்றும் தமிழ்ப் பெற்றோர் அந்தப் பக்கமே போவதில்லை. போக வேண்டும். ஒரு குடும்பம் தனியாகக் கேட்கத் தயங்கும் கேள்வியைக் குழுவில் உட்கார்ந்தவர் தாராளமாகக் கேட்கலாம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ் அமைப்புகள், ஆண்டுக்கு ஒரு நாள் இந்தச் சட்டத்தைத் தாய்மார்களுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னால் அது பெரிய தொண்டாகும். போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்புக்கு வந்து நிற்க இரண்டு மூன்று பேரைத் தயார் செய்து வைத்தால் அது அதைவிடப் பெரிய தொண்டு.

தென் மாநிலங்களுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் இதே மைசூரில்தான் இயங்குகிறது. கணக்கு எப்படிச் சொல்லித் தருவது, விஞ்ஞானம் எப்படிச் சொல்லித் தருவது என்று பயிலும் இளம் ஆசிரியர்கள், பேசத் தயங்கும் குழந்தையின் பேச்சை எப்படிக் கேட்பது என்பதையும் எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் பயில வேண்டும்.

மாலையில் பள்ளி மணி அடிக்கிறது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே ஓடுகிறார்கள். ஒரு குழந்தை மட்டும் பையை மெதுவாக எடுத்துக்கொண்டு, ஆசிரியையின் மேஜைப் பக்கம் இரண்டு அடி வந்து, பிறகு தயங்கி நிற்கிறது. தாய் இன்னும் வேலை முடிந்து திரும்பவில்லை. தகப்பன் ஷிப்டில் இருக்கிறார். வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஆசிரியை நிமிர்ந்து பார்க்கிறாரா, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போகிறாரா என்பதில்தான் அந்தக் குழந்தையின் எதிர்காலம் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கும் ஆசிரியைக்குப் பின்னால் பள்ளியும் நிற்க வேண்டும். பெற்றோரும் நிற்க வேண்டும்.